ஜி.ஸ்கில் ஃபிளேர் எக்ஸ்5 (16+16 ஜிபி, 6000, சிஎல்30): ரைசன் கேமிங் பிசிக்கு இதற்கு மேல் ஒரு ரேம் தேவையா?

கறுப்பு மெட்டல் தகடு, லைட் கிடையாது, உயரம் 33 மில்லிமீட்டர். பார்த்தால் ஒன்றுமே இல்லாத ரேம் கிட் இது. ரைசன் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் கேமிங் பிசி கட்டுகிறவர் எந்த ரேம் போடலாம் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்வது இதையோ, இதே டைமிங் உள்ள வேறு பிராண்டையோதான். சொல்வது சரிதான். ஆனால் இந்த கிட்டின் காசு முழுசாக வசூலாவது கடையில் இல்லை, பயாஸில்தான், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்தான். அங்கே கைவைக்காமல் விட்டால் இது 4800 வேகத்தில், சிஎல்40 என்ற மந்தமான டைமிங்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண ரேம். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, கேம் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஸ்டிக்கரைப் படிக்கலாம். மாடல் நம்பரில் 6000ஜே3038 என்று ஒரு துண்டு வரும். 6000 என்பது வேகம், 30 என்பது சிஎல், 38 என்பது அதற்கு அடுத்த டைமிங்கான டிஆர்சிடி. கீழே முழுசாக 30-38-38-96, 1.35 வோல்ட் என்று அச்சாகியிருக்கும். ரிச்சி தெருவில் விலை கேட்டால் பெரும்பாலும் ‘6000 இருக்கு சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த 6000-க்குப் பின்னால் சிஎல்30-ம் இருக்கலாம், சிஎல்40-ம் இருக்கலாம். பெட்டியைக் கையில் வாங்கி நான்கு எண்களையும் படித்த பிறகு காசு கொடுப்பதே நல்லது.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? 6000 என்பது ஒரு நொடிக்கு 600 கோடி டிரான்ஸ்ஃபர். டிடிஆர் ரேம் ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை டேட்டா அனுப்புவதால் உண்மையான கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால்தான் சிபியு-இசட் மென்பொருளில் 3000 என்று காட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சிஎல் என்பது, திறந்திருக்கும் ஒரு வரிசையிலிருந்து டேட்டா கேட்ட பிறகு அது வந்து சேர எத்தனை கிளாக் ஆகும் என்ற கணக்கு. கிளாக்கின் நீளம் வேகத்தைப் பொறுத்து மாறுவதால், சிஎல்லை மட்டும் தனியே வைத்து ஒப்பிடக்கூடாது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். இந்த கிட்டுக்கு 30 × 2000 ÷ 6000, அதாவது 10 நானோ நொடி. 6000 சிஎல்36 என்றால் 12. 6000 சிஎல்40 என்றால் 13.3. 5600 சிஎல்46 என்று மலிவாகக் கிடைக்கும் பச்சை பலகை ரேமுக்கு 16.4. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் அதே 10 நானோ நொடிதான் வரும். டிடிஆர்5 வந்த புதிதில் லேட்டன்சி மோசம் என்று எல்லோரும் புலம்பினார்களே, அது 4800 சிஎல்40 காலத்துப் பேச்சு.

10 நானோ நொடி என்பது ரேமின் ஒரு கட்டம் மட்டுமே. பிராசசரிலிருந்து கிளம்பிய கோரிக்கை ரேமுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 60-லிருந்து 80 நானோ நொடி வரை ஆகும். அதில் பெரும்பகுதி மெமரி கன்ட்ரோலரிலும் உள் இணைப்பிலும் போகிறது. வெறும் சிஎல்லைக் குறைத்தால் ஃப்ரேம் ரேட் எகிறிவிடாது என்பதற்கு இதுதான் காரணம். ரைசனில் 6000 என்ற எண் இவ்வளவு முக்கியமாவதற்கும் இதுவே காரணம்.

ரைசன் 7000, 9000 வரிசைகளில் மூன்று கிளாக்குகள் உண்டு: ரேமின் எம்கிளாக், மெமரி கன்ட்ரோலரின் யூகிளாக், பிராசசரின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் எஃப்கிளாக். ரேம் 6000-இல் ஓடும்போது எம்கிளாக் 3000, யூகிளாக்கும் 3000, எஃப்கிளாக் 2000. முதல் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று கைகோத்து ஓடுவதுதான் முக்கியம். 2022-இல் ரைசன் 7000 வந்தபோதே, 6000-தான் தோதான வேகம் என்று ஏஎம்டி சொன்னது. இத்தனைக்கும் அந்த வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக எழுதித் தருவது 5200 மட்டும்தான். 9000 வரிசைக்கு 5600. அதற்கு மேல் எல்லாமே ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும்.

6000-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? 6400 பல பிராசசர்களில் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும், சிலவற்றில் ஓடவே ஓடாது. அது சிப்பின் அதிர்ஷ்டம். 6400-க்கும் மேல் போனால், சில போர்டுகளில் 6000-ஐத் தாண்டியதுமே, பயாஸ் சொல்லாமல் கொள்ளாமல் யூகிளாக்கைப் பாதியாக்கிவிடும். 6800 ரேம் வாங்கிப் போட்டவருக்கு கன்ட்ரோலர் 1700 மெகாஹெர்ட்ஸில் ஓடும், லேட்டன்சி 6000-ஐவிட மோசமாகும். பாதி வேகத்தில் ஓடியும் இழந்ததை ஈடுகட்ட 8000 பக்கம் போக வேண்டும். அதற்கு போர்டும் விலை, ரேமும் விலை.

அந்த அகலமான பேண்ட்வித் உள்ளே வந்து சேருவதும் இல்லை. 6000-இல் இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 96 ஜிபி போகலாம். ஆனால் ஒற்றை சிசிடி (கோர்கள் இருக்கும் சிப் துண்டு) உள்ள 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி, 9600எக்ஸ் போன்றவற்றில் ஃபேப்ரிக் ஒரு கிளாக்குக்கு 32 பைட்தான் படித்துத் தரும். எஃப்கிளாக் 2000 என்றால் 64 ஜிபிதான் உச்சவரம்பு. ஐடா64 என்ற சோதனை மென்பொருளில் ரீட் வேகம் 60 சொச்சத்தில் நிற்பது ரேமின் குறை அல்ல. 7200 கிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்தக் குறுகிய வாசலிலேயே நின்றுவிடும்.

இனி பொருத்துவது. நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். ஒன்றும் மூன்றும் என்று போட்டாலும் பிசி ஓடலாம், 6000 ஓடுவது சந்தேகம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையை விட்டுவிட வேண்டும்: நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600-தான். இப்போதைக்கு ஒரு 16 ஜிபி, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று என்ற யோசனையும் ஆபத்து. அதுவரை ஒற்றைச் சேனலில் பேண்ட்வித் பாதியாக இருக்கும். பிறகு வாங்கும் ஸ்டிக்கில் அதே மாடல் நம்பர் இருந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கலாம். 8+8 கிட்டும் வேண்டாம். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கில் இருப்பது அகலமான நான்கு சிப் மட்டும். அவற்றில் பேங்க் குரூப் (மாறி மாறி வேலை செய்யும் பகுதிகள்) எண்ணிக்கை எட்டிலிருந்து நான்காகக் குறைவதால் அதே 6000, அதே சிஎல் என்றாலும் மந்தம்.

உயரத்தைப் பற்றி ஒரு வரி. வெறும் டிடிஆர்5 பலகையே 31.25 மில்லிமீட்டர், இது 33. இரட்டைக் கோபுர ஏர் கூலர் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிய நிம்மதி. லைட் வைத்த கிட்டுகள் 40-ஐத் தாண்டிவிடும். முன் ஃபேனை மேலே தூக்க வேண்டும், பிறகு கேபினட்டின் பக்கக் கண்ணாடி மூடாது.

பயாஸுக்குள் போய் எக்ஸ்போ ப்ரொஃபைலை, அதாவது ஸ்டிக்கரில் உள்ள வேகத்தையும் டைமிங்கையும் போட்டுத்தரும் அமைப்பை, ஆன் செய்து சேமித்ததும் திரை கறுத்துப்போகும். போர்டில் டிரேம் என்று எழுதிய குட்டி எல்இடி விடாமல் எரியும், பிசி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும். இதற்குப் பெயர் மெமரி டிரெய்னிங். முதல் தடவை சில நிமிடங்கள் வரை போகலாம். செத்துப்போச்சு என்று பயந்து பவர் பட்டனை அமுக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தப்பு. பத்து நிமிடம் தாண்டியும் எழவில்லை என்றால் சீமாஸ் கிளியர் செய்து (பயாஸ் அமைப்புகளை அழித்து), பயாஸைப் புதுப்பித்து, மறுபடி முயலலாம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிரெய்னிங் நடந்து இழுத்தடித்தால், மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பை எனேபிள் செய்யலாம். கூடவே பவர் டவுன் எனேபிளையும் ஆன் செய்ய வேண்டும். அது இல்லாமல் முதலாவதை மட்டும் ஆன் செய்தால் நீலத்திரை வர வாய்ப்பு அதிகம்.

அடுத்து எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் வோல்டேஜ். எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் இதைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய விவகாரத்துக்குப் பிறகு 1.30 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டது. அதனால் பழைய பயாஸ் இருந்தால் எக்ஸ்போவைத் தொடும் முன் புதுப்பிப்பது கட்டாயம். 6000-க்கு 1.20 வோல்ட் பெரும்பாலான சிப்புகளுக்குத் தாராளம். அதையே கையால் எழுதிவிடலாம். நிலைக்கவில்லை என்றால் 1.25 வரை, அதற்கும் மசியாவிட்டால் 5800-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். 5800-இல் சுத்தமாக ஓடினால் குறை பெரும்பாலும் ரேமில் இல்லை, பிராசசரின் கன்ட்ரோலரில். விண்டோஸ் 16 ஜிபி மட்டும் காட்டினால், ஸ்டிக்கைக் குறை சொல்லும் முன் சாக்கெட் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா, கூலர் ஒரு பக்கமாக அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸுக்குள் வந்ததும் ஜென்டைமிங்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எம்கிளாக்கும் யூகிளாக்கும் 3000 என்றே காட்டுகின்றனவா என்று சரிபார்க்கலாம். யூகிளாக் 1500 என்று இருந்தால், பயாஸில் யூகிளாக் டிவைடரை ஆட்டோவிலிருந்து ஒன்றுக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். அதே திரையில் இன்னும் முப்பது நாற்பது எண்கள் வரிசையாக நிற்கும். எக்ஸ்போ எழுதித் தருவது அவற்றில் கொஞ்சம்தான். மிச்சத்தைப் பாதுகாப்பான, அதாவது சோம்பேறித்தனமான மதிப்புகளில் போர்டே நிரப்பி வைத்திருக்கும். சிஎல்36-க்கும் சிஎல்30-க்கும் இடையே கடையில் கொடுக்கும் வித்தியாசத்தைவிட அதிகமான லாபம் இங்கே சும்மா கிடக்கிறது.

முக்கியமானவை இரண்டு: டிஆர்எஃப்சி, டிரெஃபி. ரேம் செல் என்பது ஒழுகும் கெபாசிட்டர். அடிக்கடி ரீஃப்ரெஷ் செய்து நிரப்ப வேண்டும். எத்தனை கிளாக்குக்கு ஒருமுறை நிரப்புவது என்பது டிரெஃபி, நிரப்ப எத்தனை கிளாக் ஆகும் என்பது டிஆர்எஃப்சி. நிரப்பும் நேரத்தில் அந்த ரேமிடம் எதுவும் கேட்க முடியாது. இந்த கிட்டில் எக்ஸ்போ மட்டும் போட்டால் டிரெஃபி 11,700 சுமாரிலும், டிஆர்எஃப்சி 884 சுமாரிலும் நிற்கும். அதாவது மொத்த நேரத்தில் ஏழரை சதவீதம் ரீஃப்ரெஷுக்கே போகிறது. டிஆர்எஃப்சியை 500 என்றும் டிரெஃபியை 50,000 என்றும் எழுதினால் அது ஒரு சதவீதமாகச் சுருங்கும். கூடவே அதே திரையில் உள்ள வேறு சில டைமிங்குகளை டிஆர்ஆர்டிஎஸ் 8, டிஆர்ஆர்டிஎல் 8, டிஃபா 32, டிடபிள்யூஆர் 48 என்று போட்டால் போதும். வோல்டேஜைத் தொடவே வேண்டாம். சிஎல்லை 28-க்கு இறக்கவும் செய்யலாம், ஆனால் அதற்கு வோல்டேஜ் ஏற்ற வேண்டும், லாபம் சொற்பம். டிடிஆர்5-இல் சிஎல் இரட்டைப்படை எண்ணாகத்தான் இருக்கும். 29 போட முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மதிப்புகள் எஸ்கே ஹைனிக்ஸ் சிப்புக்கானவை. 1.35 வோல்ட்டில் 6000 30-38-38 என்று எழுதி விற்கிற கிட்டுகளில் அநேகமாக எப்போதும் ஹைனிக்ஸ்தான் இருக்கும்; சாம்சங்கின் டிடிஆர்5 சிப் அந்த டைமிங்கை எட்டாது. சிஎல்36, சிஎல்40 கிட்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கோர்சேர் வென்ஜன்ஸ் வாங்குவதாக இருந்தால் ஸ்டிக்கரில் வெர்ஷன் நம்பர் பார்க்கலாம்: 5-இல் தொடங்கினால் ஹைனிக்ஸ், 4 என்றால் சாம்சங், 3 என்றால் மைக்ரான். சாம்சங்கிலோ மைக்ரானிலோ டிஆர்எஃப்சி 500 என்று எழுதினால் பிசி எழவே எழாது, அல்லது எழுந்து எரர் கக்கும்.

டிரெஃபியை நீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊருக்கு அது இன்னும் கூடுதல். சூடு ஏறினால் கெபாசிட்டர் வேகமாக ஒழுகும். டிசம்பரில் சுத்தமாக ஓடிய 50,000, மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில், கிராஃபிக்ஸ் கார்டின் அனல் நேராக ஸ்டிக் மேல் அடிக்கும்போது எரர் தரலாம். ஃபிளேர் எக்ஸ்5-இன் தகடு மெல்லியது. அதனால் பெரிய குளிர்ச்சியை எதிர்பார்க்கக்கூடாது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஸ்டிக்கின் வெப்பநிலை தெரியும். ஒரு மணி நேரம் கேம் ஆடிய பிறகு 50 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 55-ஐத் தாண்டினால் டிரெஃபியை 30,000 பக்கம் இறக்குவதோ, கேபினட்டின் முன்பக்கம் இன்னொரு ஃபேன் வைப்பதோ நல்லது.

சோதனை செய்யாமல் இதையெல்லாம் விட்டுவிடக்கூடாது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் இந்த வேலைக்கு உதவாது. டெஸ்ட்மெம்5 என்ற மென்பொருளை அன்டா777 என்ற கான்ஃபிக் ஃபைலோடு ஓட்டுவது ரேமைச் சோதிக்கும். ஒய்-க்ரஞ்சர் மென்பொருளின் விடி3 பகுதி கன்ட்ரோலரையும் எஸ்ஓசி வோல்டேஜையும் சோதிக்கும். இரண்டும் வேண்டும். கூடவே கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுத்து ஓட்டினால்தான் நிஜமான சூட்டில் தெரியும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். டிடிஆர்5-இல் ஆன்-டை இசிசி இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையைத் திருத்தும், ஸ்டிக்குக்கும் பிராசசருக்கும் நடுவில் கெட்டுப்போவதைத் திருத்தாது. நிலைக்காத ரேம் உடனே நீலத்திரை காட்டுவதில்லை. கேமில் ஷேடர் கம்பைல் ஆகும்போது கிராஷ், ஜிப் ஃபைல் திறக்காமல் போவது, விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்பது என்று மெல்ல மெல்ல ஃபைல்களை அரிக்கும்.

இவ்வளவும் செய்தால் கேமில் என்ன கிடைக்கும்? அது பிராசசரைப் பொறுத்தது. 96 எம்பி எல்3 கேஷ் உள்ள எக்ஸ்3டி சிப்புகள் ரேமிடம் போவதே குறைவு. அவற்றில் சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் உள்ள வித்தியாசத்தை ஃப்ரேம் கவுன்டர் இல்லாமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 32 எம்பி கேஷோடு வரும் 7600, 9600எக்ஸ், 9700எக்ஸ் ஆகியவற்றில் ரேமின் பங்கு தெளிவாகத் தெரியும். சராசரி ஃப்ரேமைவிட, கூட்டம் நிறைந்த காட்சிகளில் சரியும் ஒரு சதவீத லோ ஃப்ரேம்களில்தான் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்கள்) அதிகம் தெரியும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்று 1080பி-இல் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு ஆடுகிறவருக்கு இது பொருட்டு. 4கே-யில் கிராஃபிக்ஸ் கார்டு மூச்சுத்திணறும் இடத்தில் ரேமை மாற்றி ஒரு ஃப்ரேம்கூட வராது.

விலைக்கு வருவோம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் டிடிஆர்5 விலை பல மடங்கு ஏறிவிட்டது. டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நிலையில் எல்லோரும் சிஎல்30-தான் வாங்க வேண்டும் என்று அடம்பிடிப்பது நியாயமில்லை. சிஎல்36 கிட்டைவிட விலை பத்து சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால் ஃபிளேர் எக்ஸ்5 சிஎல்30-ஐயே எடுக்கலாம். அதற்கு மேல் என்றால், எக்ஸ்3டி பிராசசர் வைத்திருப்பவர் சிஎல்36-ஐ வாங்கி மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடட்டும். ஜி.ஸ்கில்லின் 36-36-36-96 கிட்டுகளில் பெரும்பாலும் ஹைனிக்ஸ்தான் வருகிறது. பொறுமை இருந்தால் அதையே 30-38-38-க்கு இழுத்துவிடலாம். 32 ஜிபி என்ற அளவைக் குறைத்து டைமிங்கைக் கூட்டுவது மட்டும் கூடாது. ரேம் போதாமல் எஸ்எஸ்டிக்கு ஓடும்போது சிஎல்30 காப்பாற்றாது.

இன்டெல் கட்டுகிறவர்களுக்கு இது முதல் தேர்வு அல்ல. 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை டிடிஆர்5 கியர் 2-இல் (கன்ட்ரோலர் ரேமின் பாதி கிளாக்கில்) ஓடுவதால் ரைசனுக்கு உள்ள 6000 சுவர் அங்கே இல்லை. நல்ல இசட்790 போர்டில் 7200 சிஎல்34 சரியான தேர்வு. எச்610 போர்டில் ரேம் ஓவர்கிளாக்கே கிடையாது, அதில் இந்த கிட்டைப் போடுவது வீண். கோர் அல்ட்ரா 200-க்கு வரும், தனி கிளாக் சிப் வைத்த சியுடிம் ரேமை ஏஎம்5-இல் போட்டால் அதன் கிளாக் சிப் வேலை செய்யாமல் பைபாஸில்தான் ஓடும், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு ஸ்டிக்கும் ஒரே சீல் பெட்டியில், பக்கத்துப் பக்கத்து சீரியல் நம்பரோடு இருக்கிறதா என்று பார்க்கவும். பெட்டியைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக விற்கும் கடைகள் உண்டு. இந்த கிட்டுக்கு லைஃப்டைம் வாரன்டி இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்டிக் போனாலும் இரண்டையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை பிசி சும்மா கிடக்கும்; பில்லையும் அந்த பிளாஸ்டிக் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.